செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும், சந்தா நிலுவை விவரத்துடன்.

மின்சுற்றுகளால் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர் கருவிகளுக்கான நம் சங்கத்தின் செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆயுத பூஜை மண்டபத்தில் நடந்தது. கீழக்கரையில் மாணவர்களுக்கு நடத்திய கீபோர்டு அறிமுக வகுப்பு நல்லபடியாக முடிந்தது.

இனி ஜூனோ-106. "பழைய இரும்புக்குச் சங்கப் பணமா?" என்று போன பொதுக்குழுவில் கேட்டவர்கள் இன்று இங்கே இல்லை. இருந்தாலும் பதில் பதிவாக வேண்டும். ரோலண்ட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட சிந்தசைசர் அது. ஒரே நேரத்தில் ஆறு குரல்கள், அதாவது ஆறு ஸ்வரங்கள், ஒலிக்கும். நமக்கு வந்தபோது இரண்டு ஊமையாக இருந்தன. மலிவாகக் கிடைத்ததே அதனால்தான். குரலுக்கு ஒரு சிப். அதன்மேல் பூசிய கறுப்புப் பிசின் நாளாக நாளாக மின்கசிவுக்கு இடம் கொடுத்துவிடும். அந்தக் கருவிக்கு உலகெங்கும் உள்ள நோய் இது. சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறப்போட்டு, பிசின் இளகியதும் குச்சியால் சுரண்டினோம். உள்ளே வெள்ளைப் பீங்கான் தகடு தெரிந்தது. மறுபடி பற்றவைத்ததும் ஒரு குரல் திரும்பியது. மற்றதற்கு இப்போது புதிதாகச் செய்து விற்கும் மாற்று சிப் வாங்க வேண்டியதாயிற்று. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாது.

ஜப்பானிலிருந்து வந்த கருவி என்பதால் அதற்கு 100 வோல்ட் போதும்; நம் வீட்டு மின்சாரம் 230. அதற்காக வாங்கிய டிரான்ஸ்பார்மரைக் கச்சேரிக்கு என்று எடுத்துச் சென்ற தொண்டி உறுப்பினர், மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் தருவதாகச் சொன்னார். எந்த ஆண்டுத் தடைக்காலம் என்று சொல்லவில்லை.

கருவி என் வீட்டில் இருப்பது பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. கடற்கரைக் காற்றில், கம்பி செருகும் ஜாக் துவாரங்களில் பச்சை பூத்துவிடுகிறது; உள்ளறை இருக்கும் வீடு என்னுடையது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு யாரும் வந்து வாசிக்கலாம்.

மாடுலர் பெட்டிக்கு வருகிறேன். மாட்யூல் எனப்படும் தனித்தனிப் பாகங்களை ஒரே பெட்டியில் பூட்டி, கம்பிகளால் இணைத்து ஒலி எழுப்பும் சிந்தசைசர் அது. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் வகுத்த யூரோராக் அளவின்படி மாட்யூல்களின் உயரம் 128.5 மில்லிமீட்டர், யார் செய்தது என்றாலும் பெட்டியில் பொருந்தும். வசதியும் அதுதான், வம்பும் அதுதான்: காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. விலையோடு அனுப்புகூலியும் சுங்க வரியும் சேரும்போது வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மென்பொருளில் எல்லா ஒலியும் வருமே என்கிறார்கள். வரும். ஆனால் இதில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை விரலாலேயே அசைத்துப் பார்த்தவர்கள் மென்பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. கம்பிகளை உருவினால் அந்த ஒலி போய்விடும், சேமித்துவைக்க முடியாது. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

மாட்யூலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ரிப்பன் கம்பியின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் வர வேண்டும் என்று பெட்டியின்மேலேயே தாள் ஒட்டியிருந்தேன். அப்படியும் ஓர் உறுப்பினர் திருப்பிச் செருகியதில், ஒலியைப் பிறப்பிக்கும் மாட்யூலான ஆசிலேட்டர் கருகியது. அன்றிலிருந்து அவரைக் காணவில்லை. பெயர் வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளரிடம் பார்வையிடலாம். மொத்தத்தில் செலவு வரவைச் சற்றே முந்தியிருக்கிறது. முந்திய தொகை இப்போதைக்கு என் கையிலிருந்து போயிருக்கிறது. அவசரமில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி, தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பொறுப்பில் தொடர்வதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். புதிதாக வருபவர் உப்புக்காற்று புகாத ஓர் அறையும், ஆசிலேட்டருக்கான பணமும் வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. நிலுவைச் சந்தா முழுவதும் வந்துசேர்ந்தால் என் வீட்டாரிடம் மறுபடி பேசிப் பார்க்கத் தயாராக இருக்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்பே அவரைப் பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்