சின்ன அறையின் சாவியைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய போதகர் ஐயாவுக்கும் செயற்குழு மூப்பர்களுக்கும், ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். சபையின் பின்புறச் சின்ன அறை வார நாட்களில் இனித் திறக்கப்படாது, புதன்கிழமைத் தமிழ் ஜெபக்கூட்டம் ஸூம் வழியாக நடக்கும் என்று அதில் இருக்கிறது. அந்த அறை எதற்கு வேண்டியிருக்கிறது, மின்கட்டணம் எப்படி ஏறியது என்ற கதையெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாளின் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. "தேவன் உனக்குள் வாசமாயிருக்கிறார், நீ இருக்கும் இடமே உன் ஜெப அறை."

வரி அழகாகத்தான் இருக்கிறது. சென்ற புதன்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது, பதில்தான் வருவதில்லை. வருகிற சத்தம் ஒன்றே ஒன்று. "ஆ...ம்" என்று அடித்தொண்டையிலிருந்து, துருப்பிடித்த கதவைத் தள்ளுவது போலக் கரகரத்து வரும். சின்ன அறையில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து ஜெபிக்கும்போது ஒவ்வொருவர் முடிக்கையிலும் அவர் அந்தச் சத்தத்தைக் கொடுப்பார். அது ஆமென் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சில வேளைகளில் அவசரப்பட்டு நடுவிலேயே கொடுத்துவிடுவார். ஜெபிக்கிறவர் சற்று நிறுத்தி, அவருக்கு இடம் விட்டு, பிறகு தொடர்வார். வாரத்தில் அவர் மற்றவர்களோடு பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

சென்ற புதன்கிழமை கைப்பேசியைச் சீனி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். அவருக்குச் சட்டை மாற்றி, தலை வாரி, நாற்காலியை மேசைக்கு நகர்த்தினேன். முதல் ஜெபம் முடிந்தது. "ஆ...ம்" என்றார். இரண்டாம் ஜெபத்தின் நடுவில் மறுபடியும் ஒரு முறை. உடனே ஒலிவாங்கிப் படத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. நான் அதை நீக்கினேன். மீண்டும் விழுந்தது. மூன்றாம் முறை நீக்கியபோது திரையில் ஒரு செய்தி வந்தது: "பின்னணிச் சத்தம் வருகிறது, தயவுசெய்து அடக்கி வைக்கவும்." அனுப்பியவரைக் குறை சொல்லவில்லை, அது என்ன சத்தமென்று அவருக்குத் தெரிந்திருக்காது. சின்ன அறையில் எங்களோடு ஒரு நாளாவது உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். என் கணவருக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க முடிவதில்லை. அந்தச் சிவப்புக் கோட்டைப் புரிந்துகொள்ள எழுத்து எதற்கு? கூட்டம் முடியும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

ரோமர் எட்டாம் அதிகாரத்தில், என்ன கேட்டு ஜெபிப்பது என்று தெரியாத நமக்காக ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. ஐயா, அந்த வசனத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து நீங்களே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறீர்கள். அப்படி ஒரு பெருமூச்சு எங்கள் சமையலறையிலிருந்து வந்தது. சபை அதற்குப் பின்னணிச் சத்தம் என்று பெயர் வைத்தது.

தேவன் நமக்குள் வாசம் செய்கிறார் என்பதை நான் மறுப்பதாக நினைத்துவிடாதீர்கள். மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் கணவர் விழுந்த இரவு, மருத்துவமனை நடைபாதையில், அவருடைய செருப்புகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மகன் சிங்கப்பூரில் இருந்தான். மணி இரண்டு. ஜெபிக்கலாம் என்றால் ஒரு வார்த்தை வரவில்லை. இருபத்து மூன்றாம் சங்கீதம்கூடப் பாதியில் நின்றுபோனது. ஆனாலும் கால் மடங்கவில்லை. நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கவில்லை. அந்தத் திடம் என்னுடையது அல்ல. என்னை எனக்குத் தெரியும், பல்லியைப் பார்த்தாலே கூச்சல் போடுகிறவள். "உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்படவும்" என்று பவுல் எபேசியருக்கு எழுதியதன் பொருள் எனக்கு அந்த நடைபாதையில்தான் விளங்கியது.

ஆனால் பவுல் அந்த வாக்கியத்தை அங்கே முடிக்கவில்லையே. கிறிஸ்து இருதயங்களில் வாசமாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அதே மூச்சில், அவருடைய அன்பின் அகலமும் நீளமும் ஆழமும் உயரமும் இன்னதென்று "சகல பரிசுத்தவான்களோடுங்கூட" உணர வேண்டும் என்கிறார். அந்தச் சகல பரிசுத்தவான்களில் வீங்கிய முழங்காலோடு நான்கு மாடி ஏறி வந்து எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த புதன்கிழமைக் கிழவிகளும் உண்டு.

இன்னொன்று. உங்கள் தாளில் "உனக்குள்" என்று போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பிறகு தமிழாக்கினீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மொழியில் ஒருவரை விளித்தாலும் ஊரையே விளித்தாலும் ஒரே சொல்தான். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. 1 கொரிந்தியர் 3:16ஐத் தமிழில் திறந்து பாருங்கள்: "தேவனுடைய ஆவி உங்களில் வாசமாயிருக்கிறார்." இது மரியாதைப் பன்மை என்று யாராவது வாதிடலாம். கிரேக்கத்திலும் பன்மைதான். அதைப் பவுல் எழுதியது ஒரு சபைக்கு, அதுவும் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து சண்டையிட்டுக்கொண்டிருந்த சபைக்கு. நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆலயம் என்று அவர்களுக்குச் சொன்னதை, நீ வீட்டிலேயே இருந்துகொள் என்று எங்களுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வசனத்தை இங்கே எடுத்தெழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

அதே நிருபத்தின் ஆறாம் அதிகாரம் நம் சரீரத்தையே பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறது. சரி. பாதி உடல் அசையாத என் கணவரும் அந்தக் கணக்கில் ஓர் ஆலயம்தான். அவரை உள்ளே கொண்டுவர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அதனால்தான் சின்ன அறையின் சாவியைக் கேட்கிறேன்.

நம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு நடை நடந்து பாருங்கள். 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கினால், சீனர்களின் குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டு மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று எல்லாம் கால் மணி நேர நடைக்குள் வந்துவிடும். புதன்கிழமையும் அங்கே ஊதுபத்தி புகைகிறது, மணி அடிக்கிறது, தொழ வந்தவர்கள் கால் கழுவுகிறார்கள். மின்கட்டணத்தைச் சொல்லி யாரையும் அவர்கள் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. நாமோ மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை வைத்திருக்கிறோம். அதற்கு மின்சாரம் வானத்திலிருந்து மன்னாவாகப் பொழிகிறது போலும்! அடுத்த மாதம் "உள்ளிருந்து பலம்" என்று மாநாடு வேறு. தலைக்கு ஐம்பது ரிங்கிட், மதிய உணவு உட்பட. உள்ளே இலவசமாகக் கிடைப்பதற்கு வாசலில் டிக்கெட்.

வார்த்தை தடித்துவிட்டது. மன்னியுங்கள். என் பாட்டி செபராங் பிறை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தொழிலாளர் லயத்து வாசலில் சாக்கு விரித்து ஜெபக்கூட்டம் நடத்தியவர். துரைக்குக் கடிதம் எழுதினாலும் கும்பிட்டுத்தான் தொடங்க வேண்டும், கும்பிட்டுத்தான் முடிக்க வேண்டும் என்பார். ஆகவே கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

புதன்கிழமை மாலை ஏழரை முதல் ஒன்பது மணி வரை சின்ன அறையை எங்களுக்குத் திறந்து விடுங்கள். குளிர்சாதனம் வேண்டாம், ஒரு மின்விசிறி போதும். அதற்கான காசை நாங்களே மாதாமாதம் டப்பாவில் போட்டுவிடுகிறோம். கூட்டிப் பெருக்கி, நாற்காலிகளை அடுக்கி, விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவோம். வர முடியாதவர்களுக்காக ஸூமும் இருக்கட்டும். சாவியை மட்டும் கொடுங்கள்.

பக்கவாட்டுப் படியில் சக்கர நாற்காலி ஏறுவதற்காக மூப்பர் ஒருவர் தன் கையாலேயே அறுத்துப் போட்ட மரப்பலகை சென்ற ஞாயிறு வரை அங்கேதான் இருந்தது. முடிவெடுக்க உங்களுக்குச் சில வாரங்கள் ஆனாலும் ஆகட்டும். அதுவரை அந்தப் பலகையை யாரும் அப்புறப்படுத்த வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் கதவோரம் அமரும் சகோதரி,
பினாங்கு