மேல்கம்பியைப் பிடித்த கைகள்

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெரியவளுக்கு வளைகாப்பு வேலை இருந்ததால் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. நல்லபடியாக முடிந்தது. உன் தங்கச்சிதான் முழங்கால் வலியோடு ஓடியாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள்.

"ஆளப் பாத்தா மொகத்தப் பாக்காம மணிக்கட்டப் பாப்பியே, அத விட்டுட்டியா"ன்னு கேட்டிருந்தாய். விடவில்லை மாப்ள. விடுகிற எண்ணமும் இல்லை.

மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறி ஓரமாக ஒரு சீட்டுப் பிடித்துவிட்டால் போதும். நிற்கிறவர்கள் எல்லாரும் மேல்கம்பியைப் பிடிக்கத்தான் வேண்டும். கை மேலே போனதும் சட்டைக்கை தானாகக் கீழே இறங்கும், வாட்ச் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள், நான் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் நான் தேடுவது நொடி முள்ளைத்தான். பேட்டரி வாட்சாக இருந்தால் நொடிக்கு ஒரு துள்ளல். உள்ளே இருக்கிற குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 தடவை அதிர்ந்து கணக்கு வைத்துக்கொண்டிருக்கும், வெளியே நமக்குத் தெரிவது அந்த ஒரே துள்ளல். சாவி கொடுக்கிற வாட்சாக இருந்தால் முள் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலும் அரசாங்கக் கம்பெனியான எச்எம்டியின் பழைய ஜனதா என்றால் எனக்குத் தூரத்திலேயே பிடிபட்டுவிடும். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. கை அசைவிலேயே முறுக்கேறுகிற இப்போதைய ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் 28,800, நொடிக்கு எட்டு. அதனால் புதுசில் முள் வழுக்கிக்கொண்டு போகும், ஜனதாவில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். அந்த நடுக்கம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன மாதம் சிம்மக்கல்லில் ஒரு அம்மா ஏறினார்கள். வயது ஐம்பது இருக்கும், தோளில் ஒயர்கூடை. இடது கையில் ஆம்பளை வாட்ச், ஜனதாதான். வெள்ளை டயல் பால்கோவா நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணாடி முழுக்கக் கீறல். கேஸின் ஓரத்தில் தங்க முலாம் தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் தெரிந்தது. ஆனால் செயின் மட்டும் கைக்குக் கச்சிதமாக இருந்தது, கண்ணிகளைக் கழற்றிச் சின்னதாக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் பெண்கள் பலர் கட்டுகிற மாதிரியே டயலை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். உட்கார இடம் கிடைத்ததும் வெளியே வேடிக்கை பார்த்தபடியே, வாட்சைப் பார்க்காமலே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகச் சாவி கொடுத்தார்கள். முறுக்கம் இறுகினதும் விரல் தானாக நின்றது. தினமும் செய்து பழகிய கை மாப்ள அது. வாட்ச் யாருடையது, அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா, நான் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் அதைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் யாரோ கட்டி, இன்னொருவர் கைக்கு வந்து, பெட்டிக்குள் போகாமல் இன்னும் ஓடுகிறது என்பதைக் கண்ணாலேயே தெரிந்துகொள்ள முடிந்தது. இதற்காகத்தான் நான் மணிக்கட்டைப் பார்க்கிறேன்.

விலையைப் பார்க்கிற கண் வேறு. என் தம்பி மகன் கல்யாண வீட்டில் ஒவ்வொரு கையாகப் பார்த்து இது இத்தனை ஆயிரம், அது இத்தனை லட்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு அது பொறுக்கவில்லை, கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். மனுசனை எடை போடுவதற்கு வாட்சைப் பார்க்கிறதாக இருந்தால் பார்க்காமல் இருப்பதே மரியாதை.

வளைகாப்புக்கு மேலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். பந்தியில் பக்கத்து இலை. சோறு பிசைந்தது வலது கை, இலை ஓரத்தில் ஊன்றியிருந்த இடது கையில் சீக்கோ 5. தேதிக்குப் பக்கத்தில் கிழமை அரபு எழுத்தில் இருந்தது. வளைகுடா நாடுகளில் விற்கிற சீக்கோவில் கிழமைச் சக்கரம் இங்கிலீஷிலும் அரபியிலும் இருக்கும், வேண்டியதை நாமே வைத்துக்கொள்ளலாம். "எந்த ஊர்ல வாங்குனதுண்ணே?" என்று மட்டும்தான் கேட்டேன். மனுசன் ரசத்துக்கு வருகிறவரைக்கும் பேசினார். தமாமில் முதல் சம்பளம், அறையில் எட்டுப் பேர், ஊருக்குத் திரும்பியும் கிழமையை மாற்ற மனசு வராதது. "இத்தன வருசத்துல இதப் பத்தி யாரும் கேட்டதில்ல தம்பி" என்றார். என் மனசு நிறைந்துவிட்டது.

கல்லூரிப் பையன்கள் கையிலும் இப்போது ஜனதா தென்படுகிறது. பாதிக்கு மேல் பளீரென்ற ஆரஞ்சு, கிளிப்பச்சை டயல். பழைய ஜனதாவில் அப்படி டயலை நான் பார்த்ததே இல்லை. பழைய மெஷினை எடுத்து, டயலுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து மும்பைப் பக்கமிருந்து விற்கிறார்கள். ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் துணையோடு 1961இல் எச்எம்டி தொடங்கிய வாட்ச் தொழிலை, 2016இல் அரசாங்கம் மூடுவதாக முடிவெடுத்தது. அதற்கப்புறம்தான் இந்த மோகம் கூடியது. அந்தப் பையன்களிடம் இது அசல் டயல் இல்லை என்று நான் சொல்வதில்லை. உள்ளே துடிக்கிற, தேயாமல் இருக்கப் பதினேழு குட்டிக் கல் பதித்த மெஷின் அசல்தானே, காலையில் எழுந்து சாவி கொடுக்கிற பழக்கமாவது அவர்களுக்கு வரட்டும். காசு கொடுக்குமுன் வந்து கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்வேன்.

பஸ்ஸில் அதிகம் பார்ப்பது உங்கள் ஓசூர் டைட்டன்தான். 1984இல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து ஆரம்பித்தது, இன்றைக்கு எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. ஆனால் வருசத்துக்கு வருசம் வெறும் கைகளும் ஸ்மார்ட் வாட்சும் கூடிக்கொண்டே போகின்றன. எங்கள் மருமகனும் அதைத்தான் கட்டுகிறார். நாடித் துடிப்பு, நடந்த தூரம் எல்லாம் காட்டுகிறது, பிரயோசனமான பொருள், குறை சொல்ல மாட்டேன். கம்பியைப் பிடித்திருக்கும்போது மட்டும் அது கறுப்புச் சில்லாக இருக்கிறது. பேட்டரி போனால் சில வருசத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள், பிள்ளை கைக்குப் போகாது. எனக்கு வருத்தம் அதில்தான்.

பேரனோ பேத்தியோ பிறந்ததும் நீ குடும்பத்தோடு வர வேண்டும். வரும்போது உன் அப்பாவின் எச்எம்டி பைலட் வாட்சைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வராதே. கறுப்பு டயலில் ரேடியம் முள்ளோடு அவர் சைக்கிள் மிதித்துவருவது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆசையில் சாவி கொடுத்து ஓட்டிப் பார்த்துவிடாதே. இத்தனை வருசத்தில் ஆயில் காய்ந்து பிசினாகியிருக்கும், அப்படியே ஓட்டினால் சக்கரங்கள் சுழல்கிற அச்சுமுனை, அதாவது பிவட், தேய்ந்துபோகும். டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அக்கு அக்காகக் கழற்றிக் கழுவி, புது ஆயில் விட்டுத் தருவார். அவர் வேலையைக் கிட்ட இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், நம்பிக் கொடுக்கலாம். அவருக்கு ஒரு வாரம் வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி லீவு போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மதுரை மாப்ள