ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காட்டில் திருநர்களும் பிற பால்புதுமையினரும் நடத்திய பிரைடு கலைவிழா பற்றி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். அன்று ஐந்தாவது வரிசையில் நானும் இருந்தேன். ஆடிய ஆறு பேரில் யார் திருநங்கை, யார் திருநம்பி, யாரை வீட்டில் சேர்க்கவில்லை என்பதெல்லாம் உங்கள் செய்தியில் இருந்தது. என்ன ஆடினார்கள் என்பது மட்டும் இல்லை. "நவீன நடன நிகழ்ச்சியும் நடைபெற்றது" என்று முடித்துவிட்டீர்கள். பள்ளிக் கலோத்சவத்துக்கே இதைவிட அதிகம் எழுதுவீர்களே!

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை. கலோத்சவ சீசனில் பரதநாட்டியத்துக்கும் மோகினியாட்டத்துக்கும் உடை தைப்பேன். அதனால் மேடையைப் பார்த்தால் கண் முதலில் துணிக்குத்தான் போகும். அன்று விசிறி மடிப்பு இல்லை, சரிகை இல்லை, சலங்கையும் இல்லை. சாம்பல் நிறப் பருத்திக் கால்சட்டை, கையில்லாத பனியன். கால்சட்டையில் இரண்டு காலும் சேரும் இடத்தில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். எதற்கென்று பத்து நிமிடத்தில் புரிந்தது. அது இல்லையென்றால் அவர்கள் விழுந்து எழுந்த வேகத்துக்குத் தையல் விட்டுப்போயிருக்கும்.

நடுவில் ஓர் இடம். பாட்டு நின்றுவிட்டது. இரண்டு பேர் தோளோடு தோள் சாய்ந்தபடி மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கிறார்கள். ஒருவர் விலகினால் மற்றவர் விழ வேண்டியதுதான், அப்படி ஒரு சாய்வு. குதிகால் பலகையில் பதிகிற சத்தமும் மூச்சும்தான் கேட்கின்றன. முக்கால்வாசி தூரத்தில் உயரமானவர் சட்டென்று நின்றார். மற்றவர் அப்படியே சரிந்து, தரைக்கு ஒரு சாண் இருக்கையில் இவர் முழங்காலில் தங்கினார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் வாய்விட்டு "ஐயோ" என்றார். உடல் பாரத்தை ஒருவர்மேல் ஒருவர் போட்டு ஆடும் இந்த முறை 1972-ல் அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கியது என்று பஸ்ஸில் வரும்போது என் மகள் சொன்னாள்.

வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கையர் நல வாரியம் வந்ததையும், இந்தப் பக்கம் கேரளத்தில் 2015-ல் நாட்டிலேயே முதலாகத் திருநர்களுக்கென்று மாநிலக் கொள்கை வந்ததையும் உங்கள் நிருபர் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் "நம் மண்ணுக்கு இது புதிது" என்றும் ஒரு வரி. என் அப்பா எங்கள் பாலக்காட்டுப் பக்கத்துக் கூத்தான பொறாட்டு நாடகத்தில் தாசி வேஷம் கட்டியவர். பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். ஊரே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும். கட்டிய சேலை அம்மாவுடையது. விடிந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்து அரிதாரத்தை அழித்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அழித்துவிடுவார் என்று தெரிந்ததால்தான் யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று ஆடிய ஆறு பேரிடமும் அழிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெற்றபோதும் நான் பார்த்த பத்திரிகைகளில் தலைப்பு "முதல் திருநங்கை" என்பதுதான். பெரிய நாட்டிய ஆசான் தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பது உள்ளே எங்கோ கிடந்தது.

நீங்கள் போட்ட படமும் வாசலில் கொடி பிடித்து நின்றவர்களுடையது. அடுத்த முறை கதகளிக்கு அனுப்புகிற ஆளையே இதற்கும் அனுப்புங்கள். கடைசி உருப்படி ஒரே இழுவை, பின்னால் போட்ட நீல விளக்கில் முகமே தெரியவில்லை. அதைத் திட்டியாவது நாலு வரி எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை