நான் சாகேல்லை, மச்சான்

கொக்குவில்,
கார்த்திகை மழை.

அன்பின் மச்சான்,

முதல்ல இதைச் சொல்லிப்போடுறன்: நான் சாகேல்லை. போன கிழமை பாரிஸ் லாச்சப்பல்ல ஆரோ உன்ர கையைப் பிடிச்சுத் துக்கம் விசாரிச்சதாயும், நீ அண்டைக்குச் சாப்பிடாமலே படுத்ததாயும் தங்கச்சி சொன்னாள். உடன போன் எடுத்திருக்கலாம். செத்தவன்ர குரலைக் கேட்டு நீ மாடிப்படியில உருண்டால் பிறகு ஆர் பதில் சொல்லுறது? பேய் போனில வரும், கடிதம் எழுதாது. அதுதான் எழுதுறன்.

எல்லாம் தங்கச்சியின்ர மூத்தவன் செய்த வேலை. எங்கட மருமகன் குறும்படம் எடுக்கிறான், பன்னிரண்டு நிமிசம். கதையைக் கேள். செத்து எட்டாம் நாள் வைக்கிற எட்டுச் செலவுப் படையல்ல நண்டுக்கறிக்கு முருங்கையிலை போடேல்லை எண்டு செத்த கிழவர் எழும்பி வாறார். வாற வழியில லைற் போஸ்ற்றில தன்ர கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைக் காணுறார். வயசு 71 எண்டு கிடக்கு. ஆளுக்கு 69. பேனையை எடுத்துத் திருத்துறார். அடுத்த போஸ்ற்றிலயும் அதே பிழை. ஊர் முழுக்கத் திருத்திக்கொண்டு போக, ஒவ்வொரு நோட்டீசிலயும் படத்தில இருக்கிற முகம் இளமையாகிக்கொண்டே வருது. கடைசி நோட்டீசில ஒரு கைக்குழந்தை. அவர் வீட்டுப் படலையைத் திறக்கேக்கை உள்ளுக்கு ஒரு பிள்ளை அழுற சத்தம். அவ்வளவுதான் படம்.

கிழவர் நான். தலைக்கு வெள்ளை மை, முகத்துக்குப் பவுடர், நாடிக்கு வாய்க்கட்டு. சாமம் இரண்டு மணிக்குச் சந்தியில நிண்டு கண்ணை உருட்டி, கையை நீட்டி ஒரு நடை நடந்தன் பார், பெடியன் தலையில கை வச்சான். "மாமா, ஆரையும் பயப்படுத்தாதேங்கோ. வயசு பிழையாப் போட்டிட்டாங்கள் எண்டு எரிச்சல்படுங்கோ, காணும்." திரும்ப எடுத்தம். மழை ஈரத்தில கடதாசி ஊறிப் பேனை எழுதேல்லை. நான் நடிப்பை மறந்து, பேனையை உள்ளங்கையில ரெண்டுதரம் தேய்ச்சு, முனையில ஊதி, திரும்ப எழுதினன். அதைத்தான் அவன் வச்சிருக்கிறான். போட்டுக் காட்டேக்கை எனக்கே முதுகு குளிர்ந்தது. சிரிப்பும் வந்தது. எது முதல் வந்தது எண்டு சொல்லத் தெரியேல்லை. ஒரே கரைச்சல் சந்தி நாய்தான். ஊரில எல்லாரையும் குரைக்கிற நாய், பேயைக் கண்டு வாலாட்டுது. மூண்டுதரம் படப்பிடிப்பு நிண்டது.

நோட்டீசுகளை விடிய முதல் கழட்டச் சொன்னனான். பெடியங்கள் நித்திரையாப் போனாங்கள். பேர் வேற பேர்தான், படம் என்ரது. ஆர் பேரை வாசிக்கிறது? காலமை பாண் வாங்கப் போனன். ஓட்டோக்காரத் தம்பி போஸ்ற்றைப் பாத்தான், திரும்பி என்னைப் பாத்தான். சத்தம் போடேல்லை. ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணாமலே தள்ளிக்கொண்டு போட்டான். பெரியம்மா ஒப்பாரியோட படலையால வந்தவ, நான் சம்பலோட பாண் தின்னுறதைக் கண்டும் நிப்பாட்டேல்லை. தொடங்கினதை முடிச்சுப்போட்டுத்தான் தேத்தண்ணி கேட்டவ.

உன்ர ஊர்க்காரர், அந்தக்காலத்துப் படக்காரர் ஜோர்ஜ் மெலியேயைப் பற்றி மருமகன் ஓயாமல் கதைக்கிறான். 1896இல அவர் எடுத்த மூண்டு நிமிசப் படத்தில ஒரு வௌவால் பறந்து வந்து சாத்தானா மாறுமாம். சனம் சிரிக்கட்டும் எண்டு எடுத்தது, இப்ப அதைத்தான் முதல் பேய்ப்படம் எண்டு கனபேர் சொல்லுகினம். எனக்குப் பிடிச்சது மற்றக் கதை. ஒப்பெரா முன்னால படம் பிடிக்கேக்கை கமெராவில பிலிம் சிக்கி நிண்டிட்டுது. எடுத்துச் சரிப்படுத்த ஒரு நிமிசம். போட்டுப் பாத்தால், ஓடிக்கொண்டிருந்த குதிரை பஸ் திடீரெண்டு பிரேத வண்டியா மாறுது. மெலியேயே பிறகு எழுதிவச்ச கதை இது. கொஞ்சம் புளுகும் கலந்திருக்கும் எண்டு நினைக்கிறன். ஆனா பார், சிரிப்பு, பயம், கனவு மூண்டும் ஒரு சிக்கலுக்குள்ள. நீ லாக்கூர்னோவில ஏறுற அதே ஏழாம் இலக்க மெற்றோ அந்த இடத்துக்குக் கீழாலதானே போகுது? ஒருநாள் இறங்கி நிண்டு பஸ்ஸைப் பார்.

1929இல லூயி புனுவேலும் சல்வடோர் டாலியும் செய்த குறும்படத்தையும் போட்டுக் காட்டினான். பியானோவுக்கு மேல செத்த கழுதை கிடக்கும், பாதிரிமாரையும் சேர்த்து ஒருத்தன் கயிற்றில இழுப்பான். காரணம் சொல்லக்கூடிய எதுவும் படத்தில இருக்கக்கூடாது எண்டு ரெண்டுபேரும் தீர்மானிச்சவையாம். முதல்நாள் சனம் அடிக்க வந்தால் எறிய எண்டு புனுவேல் பொக்கற்றுக்குள்ள கல்லு வச்சிருந்தவராம். கல்லு எனக்குப் பிடிச்சுது. கழுதை பிடிக்கேல்லை. காரணம் இல்லாட்டிப் பரவாயில்லை, மச்சான், வாற பேய்க்கு ஒரு முறைப்பாடு வேணும், அதுவும் சின்ன முறைப்பாடு. முருங்கையிலை மாதிரி. ரெண்டரை மணித்தியாலப் படமெண்டால் கிழவர் ஏன் வந்தவர், ஆர் கொலை செய்தது எண்டெல்லாம் சொல்லித் துலைக்கவேணும். பன்னிரண்டு நிமிசத்தில ஆர் கேக்கப்போறான்?

உனக்கு ஞாபகம் இருக்கே, 90இல கறண்ட் போனாப்பிறகு உங்கட முத்தத்தில ரீவி, டெக், ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு எடுத்துப் பேய்ப்படம் போட்டது? மண்ணெண்ணெய்ப் புகை அடிக்க அடிக்க, வோல்ற்றேஜ் இறங்கி அந்த மோகினி நடுத் திரையில பல்லிக்குட்டி மாதிரிச் சுருங்கிப்போனாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, பொம்மர் சத்தம். ஜெனரேற்றரை நிப்பாட்டிப்போட்டு பங்கருக்குள்ள பாய்ஞ்சம். தலைக்கு மேல அது சுத்துது, ஒருத்தரும் மூச்சு விடேல்லை. அந்த இருட்டுக்குள்ள உன்ர அம்மம்மா கேட்டவ: "அப்ப அந்தப் பெட்டை பிறகு என்னடா செய்தவள்?" வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சதில எனக்கு விலா நொந்தது. இதை மருமகனுக்குச் சொன்னன். அவன் எழுதி வச்சிருக்கிறான், அடுத்த படமாம்.

மற்றும்படி இஞ்சை புதினமில்லை. முழங்கால் குத்து அப்படியே. கிணறு முட்டி வழியுது. மழை விட்டால் வெங்காயம் நடலாம்.

ஒண்டு சொல்ல மறந்திட்டன். கேணியடிப் போஸ்ற்றில ஒரு நோட்டீஸ் தப்பிக் கிடந்தது. முந்தநாள் கழட்டப் போனன். நான் திருத்தின 69ஐ ஆரோ வெட்டி, பக்கத்தில 58 எண்டு எழுதிக் கிடக்கு. மருமகன் தானில்லை எண்டு சத்தியம் பண்ணுறான். பெரியம்மா கண் தெரியாதவ. என்ர வயசு சரியாத் தெரிஞ்ச மற்ற ஆள் நீ. நீ பிரான்சில இருக்கிறாய்.

இருக்கிறாய்தானே?

உன்ர மச்சான்