பாப்பாவின் மூன்று டிரான்ஸ்கிரிப்டுகள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை முடிந்து உன் வீட்டில் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். உன் மகள் பாப்பா இங்கே அமெரிக்காவில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் நீ கேட்டிருந்த ஒரு கேள்விதான் என்னை இந்தக் கடிதத்தை உடனே எழுத வைத்தது. அவள் முதலாம் ஆண்டு படித்துவிட்டு வெளியேறிய பல்கலைக்கழகத்தின் பெயரை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிடலாமா, அங்கே பெற்ற கிரெடிட்டுகள், அதாவது தேறிய பாடங்களுக்கான அலகுகள்தான், இப்போதைய பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவேட்டில், ஏறிவிட்டனவே என்று கேட்டிருந்தாய்.

விடக் கூடாது. எங்கள் துறையின் முதுகலைச் சேர்க்கைக் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பள்ளிப் படிப்புக்குப் பிறகு படித்த ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரையும் தர வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்பதோடு, தந்த விவரங்கள் முழுமையானவை என்று அவளிடமே உறுதிமொழியும் வாங்குகிறார்கள். பின்னால் ஒன்று விடுபட்டது தெரிந்தால், மதிப்பெண் குறைவாக இருந்தது என்பது அங்கே பேச்சாகவே இராது. மறைத்தாள் என்பதுதான் பேச்சாக இருக்கும். கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அது வெளியே தெரிய வெகு நேரமும் ஆகாது, ஏனென்றால் அவளுடைய இப்போதைய டிரான்ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகியிருக்கும்.

அந்த முதல் பக்கத்தை நீ ஒரு முறை உன் கண்ணால் பார்க்க வேண்டும். பழைய பல்கலைக்கழகத்தின் பெயர், அதன் கீழே பாடங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 3 அல்லது 4 என்று கிரெடிட் எண்ணிக்கை. ஆனால் கிரேடு இருக்க வேண்டிய கட்டத்தில், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில், ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதற்கான ஓர் அடையாள எழுத்து மட்டுமே இருக்கும். கல்லூரி மாறும்போது கிரெடிட்தான் கூட வருகிறது, கிரேடு பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் அவளுடைய ஜி.பி.ஏ., 4-க்குக் கணக்கிடும் அந்தக் கிரேடு சராசரி, இன்று 3.7 என்று அழகாக நிற்கிறது: இப்போதைய பல்கலைக்கழகத்தில் எடுத்த பாடங்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. முதுகலைச் சேர்க்கைக் குழுவுக்கோ அந்த வெற்றுக் கட்டத்தில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். ஆகவேதான் மூல நிறுவனத்திலிருந்தே டிரான்ஸ்கிரிப்ட் கேட்கிறார்கள்.

பொதுச் சுகாதாரத்தில் இது இன்னும் கறாராக நடக்கும். அவள் பட்டியலில் உள்ள பொதுச் சுகாதாரக் கல்லூரிகளில் பெரும்பாலானவை சோஃபாஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. அதில் ஒவ்வொரு பாடத்தையும் அது முதலில் எந்தக் கல்லூரியில் படிக்கப்பட்டதோ அந்தக் கல்லூரியின் கீழேதான் பதிய வேண்டும். மாற்றிக் கொண்டுவந்த கிரெடிட்டாக இன்னொரு கல்லூரியின் கீழே காட்டக் கூடாது. தோற்றுவிட்டு மறுபடி எடுத்துத் தேறிய பாடம் என்றால் இரண்டு முறையும் கணக்கில் வரும். பழைய கிரேடை மன்னித்துவிட்டதாக ஒரு பல்கலைக்கழகம் தன் அளவில் சொல்லிக்கொண்டாலும் அங்கே அது செல்லாது. நம் காலத்தில் அரியரைத் தேறிவிட்டால் தொகுப்பு மதிப்பெண் பட்டியலில் தேறிய மதிப்பெண் மட்டும் நிற்கும் என்று நாம் இருவரும் நிம்மதியடைந்தோமே, அந்த வசதி இங்கே கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீ எழுதியபடி, வேறு இடங்களில் பெற்றவை 40 கிரெடிட், அவற்றின் சராசரி 2.4, இப்போதைய இடத்தில் பெற்றவை 80 கிரெடிட், சராசரி 3.7. இரண்டையும் சேர்த்து 120 கிரெடிட்டுக்குப் பார்த்தால் 3.27 வருகிறது. 3.7-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இறக்கம்தான், ஆனால் பல முதுகலைப் பிரிவுகள் குறைந்தபட்சமாகக் கேட்கும் 3.0-க்கு மேலேதான் இருக்கிறது. அதோடு, டெக்சஸில் பல பல்கலைக்கழகங்கள் கடைசி 60 கிரெடிட்டுகளின் சராசரியைத் தனியாகப் பார்க்கின்றன; ஆஸ்டினில் உள்ள பெரிய பல்கலைக்கழகம் மூன்றாம், நான்காம் ஆண்டு நிலைப் பாடங்களின் சராசரியைத்தான் பார்க்கிறது. அந்தக் கணக்கில் அவள் குறையவே மாட்டாள்.

அந்த 40 கிரெடிட்டில் 12, அவள் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி வழியாக எடுத்த, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே கணக்காகும் இரட்டைக் கிரெடிட் பாடங்கள் என்று நினைக்கிறேன். கல்லூரிக் கட்டணம் மிச்சம் என்று அப்போது நீ தொலைபேசியில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. அதில் தவறும் இல்லை. ஆனால் பதினாறு வயதில் இயற்கணிதத்தில் வாங்கிய அந்த ‘சி’, பள்ளி மதிப்பெண் அன்று, கல்லூரி மதிப்பெண். அந்தக் கம்யூனிட்டி காலேஜிலும் அவள் பெயரில் ஒரு டிரான்ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதையும் அனுப்பியாக வேண்டும். இதை மறந்துவிட்டு, கடைசி வாரத்தில் விண்ணப்பம் முழுமையடையவில்லை என்ற மின்னஞ்சல் வந்தபின் அலறும் குடும்பங்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பள்ளியில் எழுதிய ஏ.பி. தேர்வுகள், அதாவது பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகள், வேறு வகை. அவற்றுக்குக் கிரெடிட் உண்டே தவிர கல்லூரிக் கிரேடு கிடையாது, ஆகவே ஜி.பி.ஏ.யைத் தொடாது.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும் வேலையை நீயே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி முடித்துவிடுவதாக எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். 1974-ஆம் ஆண்டின் அமெரிக்க மத்தியச் சட்டப்படி கல்லூரி மாணவியின் பதிவேடுகள் மீதான உரிமை மாணவிக்கே உரியது. கட்டணம் கட்டிய தகப்பன் என்று சொல்லிப் பயனில்லை. அவளே இணையத்தில் நுழைந்து, மூன்று நிறுவனங்களிடமும் தனித்தனியாக விண்ணப்பிக்கட்டும். அதற்கு முன் பழைய பல்கலைக்கழகக் கணக்கில் ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று பார்க்கச் சொல். எங்களிடம் விண்ணப்பித்த ஒரு பையனுக்கு, வண்டி நிறுத்தியதற்கான அபராதம் ஒன்று நிலுவையில் இருந்ததால் டிரான்ஸ்கிரிப்ட் மூன்று வாரம் நகரவில்லை.

நம் நாளில் டி.டி. எடுத்துக்கொண்டு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகச் சன்னலில் காலையிலிருந்து நின்று, உறையின் மடிப்பின்மேல் கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இன்று நிமிடங்களில் மின்னணுவாகப் போய்விடுகிறது. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் பாடம் பாடமாகச் சரிபார்க்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வார்கள், அதனால் இறுதித் தேதியை ஒட்டி அனுப்பினால் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

முதலாம் ஆண்டு ஏன் சரிந்தது என்பதை எங்கே, எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தாய். ஏன் இந்தப் படிப்பு என்று எழுதும் நோக்க அறிக்கையில் அதைப் பெரிதாக எழுதி அழ வேண்டாம். பெரும்பாலான விண்ணப்பங்களில் கூடுதல் விளக்கத்துக்கு ஒரு சிறு பெட்டி இருக்கும். அங்கே நாலைந்து வரி போதும். வீட்டை விட்டுத் தொலைவில் போனதும், பொருந்தாத பாடப் பிரிவை எடுத்ததும், மாறிய பிறகு புள்ளியியலிலும் நோய்ப்பரவலியலிலும் ‘ஏ’ வாங்கியதும் உண்மைதானே, அதை அப்படியே எழுதட்டும். படிக்கிறவர்கள் சராசரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே பாடங்களுக்குள் போகிறோம், 2.4-இல் தொடங்கி 3.7-இல் முடிகிற ஒரு டிரான்ஸ்கிரிப்ட், முழுக்க 3.3-இல் ஓடுகிற ஒன்றைவிட எனக்கு எப்போதும் சுவையாக இருந்திருக்கிறது. என் குழுவில் எல்லோரும் அப்படி நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. முதுகலையில் சேர்ந்த பிறகு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தால் அதைக் கைவிடச் சொல். இளநிலையில் 40 கிரெடிட்டைத் தூக்கிக்கொண்டு போனதுபோல முதுகலையில் முடியாது. பெரும்பாலும் 6 முதல் 12 கிரெடிட் வரைதான் ஏற்பார்கள், அதுவும் ‘பி’ அல்லது அதற்கு மேல் இருந்தால். நான் மாறியபோது ஒரு ‘பி மைனஸ்’ காரணமாக ஒரு பாடத்தையே திரும்பப் படித்தேன், இரண்டாம் முறையும் அதே புத்தகம்.

மூன்று டிரான்ஸ்கிரிப்டுகளின் நகல்களையும் எனக்கு அனுப்பச் சொல். அதிகாரப்பூர்வமற்ற நகல்களே போதும். இந்த மாதக் கடைசிக்குள் வந்தால், அவள் பாடங்களைப் பதிவதற்கு முன் நான் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன். விளக்கப் பெட்டிக்கான வரிகளை அவளே எழுதட்டும், நீ திருத்தாதே.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்