தோட்டத்து நிழல் கருப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் வரும் ஆயில் பெயிண்டிங் தொடரை எங்கள் வீட்டில் வாராவாரம் வெட்டி எடுத்து வைக்கிறோம். பேத்தியும் நானும் சேர்ந்துதான் படிக்கிறோம். ஆனால் கோடைத் தோட்டத்தைத் தீட்டுவது பற்றிச் சென்ற வாரம் வந்தது எங்கள் மொரிஷியஸ் தீவுக்குப் பொருந்தவில்லை. ரோஸ் ஹில்லில் வீட்டுக் கொல்லையிலேயே ஈசல் என்னும் ஓவியத் தாங்கியை வைத்து வரைகிறவள் என்பதால் எழுதுகிறேன்.

நடுப்பகலில் வெளிச்சம் நிறைய இருக்கும், அப்போது வரையுங்கள் என்று போட்டிருந்தது. மொரிஷியஸில் டிசம்பர் மாதம் பன்னிரண்டு மணிக்கு வெயில் நேர் உச்சியில் நிற்கும். மாமரத்து நிழல் மரத்தடியிலேயே சுருண்டுவிடும், இலையெல்லாம் வெளுத்துத் தட்டையாகத் தெரியும். காலை ஆறு முதல் எட்டு வரை வரையச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். சாய்ந்த வெயில் வாழையிலையை ஊடுருவி வரும்போது இலையே மஞ்சளாக ஒளிரும். வெளிச்சம் மாறிவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மொனே 1890, 91இல் வைக்கோல் போர்களைத் தீட்டியபோது பல கான்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றை விட்டு இன்னொன்றை எடுத்தார். நமக்கு ஒன்று போதும், மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தால் சரி.

வீட்டுக்குள் வரைந்தால் நேர் வெயில் விழாத வடக்குச் சன்னல் பக்கம் உட்காருங்கள் என்று அதே பக்கத்தில் இருந்த யோசனையும் ஐரோப்பாவுக்கானது. இங்கே ஜூன் மாதத்தில் வெயில் விழுவதே வடக்குச் சன்னலில்தான்.

என்னை எழுத வைத்தது இவை அல்ல, நிழலுக்குக் கருப்பைக் கலக்கச் சொன்னதுதான். நிழலில் நேர் வெயில் விழாதே தவிர, வானத்தின் நீல வெளிச்சம் விழுகிறது. அதனால்தான் சிமெண்டுத் தரையில் கறிவேப்பிலை மரத்து நிழல் நீலமும் ஊதாவுமாகத் தெரிகிறது. செம்மண்ணில் விழுந்தால் அதே நிழலில் கொஞ்சம் பழுப்புச் சூடு ஏறும். வெள்ளை அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாக நிழலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்தால் கருப்பின் ஆழம் வரும், நீலத்தைக் கூட்டிக் குளிர்ச்சியாகவோ, செம்பழுப்பைக் கூட்டிச் சூடாகவோ திருப்பவும் முடியும். வெறும் கருப்பைப் பூசிய இடத்தில் தோட்டம் செத்துப்போகிறது.

வெயிலைக் காட்ட எல்லாவற்றிலும் வெள்ளையைக் கலப்பதையும் விட வேண்டும். குல்மோகர் பூவின் சிவப்பில் வெள்ளை சேர்த்தால் ரோஸ் நிறம்தான் வரும். சிவப்பை ஆரஞ்சுப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்துப் பச்சையை அடக்கிப் பாருங்கள். பூவில் வெயில் தானாக ஏறும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தூரிகை துடைத்த துணிகளைப் பற்றித் தொடரில் இதுவரை ஒரு வரிகூட வரவில்லை. ஆயில் பெயிண்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் காய்கிறது, அப்போது சூடு உண்டாகும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்துப் போட்டால் அவை தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். தொடரைப் பார்த்துப் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கிறார்கள். அடுத்த ஞாயிறே இதைத் தனிக் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்