ஈயத்தைக் கலந்தது பட்டறைக்காரன் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் குடிநீர்க் குழாய்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சிறு பட்டறைக்காரர்கள் லாப ஆசையில் பித்தளையில் ஈயத்தைக் கலந்துவிடுகிறார்கள் என்று அதில் ஒரு வரி. வாழ்நாள் முழுக்க லேத்து என்கிற கடைசல் மிஷின் முன்னால் நின்றவன் நான், அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. பித்தளை ராடை, அதாவது உருளைக் கம்பியை, நாங்கள் உருக்குவதில்லை, வாங்கிக் கடைகிறோம், அவ்வளவுதான். ராடு பெரும்பாலும் ஜாம்நகரிலிருந்து வருகிறது. லேத்தில் கடைவதற்கான பித்தளைக்கு இந்தியத் தரநிலையே இருக்கிறது, ஐஎஸ் 319. அதன் முதல் வகையில் ஈயம் 2 முதல் 3.5 சதவீதம் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஈயம் இருந்தால்தான் கடையும்போது விழும் சீவல் ரவை மாதிரி உதிரும். ஈயம் குறைந்த ராடில் அது நீளமாகச் சுருண்டு வெட்டும் டூலைச் சுற்றிக்கொள்ளும், டூல் சீக்கிரம் மழுங்கும், வேலையும் இழுக்கும். தரநிலையே அனுமதித்ததைக் கலப்படம் என்று எப்படி ஐயா எழுத மனம் வந்தது?

எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றில். அமெரிக்காவுக்குப் போகும் ஆர்டர் வந்தால் ராடே வேறு. தண்ணீர் படும் பாகங்களில் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் ஈயம் கூடாது, டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு வாசலைத் தாண்டாது. மறுபடி உருக்கப் போகும் அந்தச் சீவலில் ஈயம் கூடிய உள்ளூர்ச் சீவல் ஒரு பிடி விழுந்தால் மொத்த டிரம்மும் வீண் என்று மிஷினைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் ராடை மாட்டுவோம். மறுநாள் அதே லேத்தில், அதே பையன், நம் ஊர் வீடுகளுக்கான குழாயை ஈயம் கூடிய பழைய ராடில் கடைகிறான். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் நின்று ஈயம் கரைந்த தண்ணீரைத்தான் காலையில் பிள்ளைக்குப் பிடித்துக் கொடுக்கிறோம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்கப் பிள்ளைக்கு ஒரு பித்தளை, என் பேத்திக்கு ஒரு பித்தளையா?

அங்கேயும் ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. 1986-இல் 8 சதவீதம் வரை விட்டார்கள். 0.25-க்கான சட்டம் 2011-இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2014-இல். நடுவில் பட்டறைகளுக்கு மூன்று வருஷம் கிடைத்தது. நாமும் செய்யாதவர்கள் இல்லை. 2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தோம். வீட்டுப் பெயின்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2017-இல் நிறுத்தினோம். பிவிசி பைப்பில் சேரும் ஈயத்துக்கும் 2021-இல் விதி போட்டாயிற்று. தண்ணீருக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது, அந்தத் தண்ணீர் வரும் பித்தளைக் குழாய்க்கு மட்டும் ஏன் யாரும் தேதி குறிக்கவில்லை? படிப்படியாகக் குறையுங்கள், முதலில் குடிநீர்க் குழாய், அப்புறம் மற்றவை. ஈயம் குறைந்த ராடுக்கு வரியைக் கொஞ்சம் தணியுங்கள். கரண்ட் கட்டணமும் ஜாப் வொர்க்குக்கு ஜிஎஸ்டியும் கட்டிவிட்டுப் புது டூலுக்கு நாங்கள் எங்கே போவது? இதையெல்லாம் கேட்கத் தோன்றாத உங்கள் நிருபருக்கு எங்கள் ஆசை மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

எங்கள் பகுதியில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகையைப் பற்றி முன்பு உங்களுக்கு எழுதினேன். கைக்கவசம்கூட இல்லாமல் சின்னப் பையன்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம் அது. வெளியிடவில்லை, பதிலும் இல்லை. உங்களுக்கு ஆயிரம் வேலை, குறை சொல்லவில்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். குடிநீர்க் குழாயின் அட்டைப்பெட்டியில் ஈயம் எத்தனை சதவீதம் என்று அச்சிடவாவது ஏன் சொல்லக்கூடாது என்று தர நிர்ணய அமைப்பிடம் உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். பட்டறைக்காரர்களைப் பற்றி எழுதிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரை வந்த பக்கத்திலேயே போடுங்கள், வரி விளம்பரங்களுக்கு நடுவே வேண்டாம்.

இப்படிக்கு,
லேத்துப் பட்டறைக்காரன்,
கணபதி, கோவை.